கயாக்கில் தீவுக்குப் போய் ஒரு இரவு தங்க: முதல்முறை போகும் மாணவர் குழுவுக்கான செய்முறை

வகுப்பு நண்பர்கள் எட்டுப் பேர், மூன்று நாள் விடுமுறை, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு தீவு, போக ஆளுக்கொரு கயாக், அதாவது உட்கார்ந்தபடி துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு. துடுப்புப் போடத் தெரிந்தால் போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது இதில் சின்ன வேலை. அரை நாளில் கை பழகிவிடும். எப்போது இறங்குவது, எப்போது இறங்கவே கூடாது என்று கரையிலேயே கணக்குப் போடுவதுதான் பெரிய வேலை. அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் படகு தண்ணீரைத் தொடும் முன்பே முடிந்துவிடும்.

1. ஆளும் நாளும்

புதியவர் நாலு பேருக்கு, கடலில் மீட்புப் பயிற்சி எடுத்த ஒருவர் வேண்டும். நீச்சல் குளத்தில் மட்டும் பழகியவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் பயணத்துக்கு ஒருவழித் தூரம் 8 கி.மீ.க்குள் இருக்கட்டும். புதியவர்கள் குழுவாகப் போனால் மணிக்கு 4 கி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம். இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஒரு இரவு தங்கத்தான் போகிறீர்கள் என்றாலும் மூன்று நாள் ஒதுக்குங்கள். திரும்பும் நாளில் காற்று ஏறினால் தீவிலேயே உட்கார்ந்திருக்க வழி வேண்டும். மறுநாள் காலை தேர்வை வைத்துக்கொண்டு போகும் குழு, கடல் கொந்தளித்தாலும் படகை இறக்கும். விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன.

தீவில் தங்க அனுமதி உண்டா, பறவையோ ஆமையோ முட்டையிடும் காலமா என்பதை முன்பே விசாரியுங்கள். எத்தனை படகு, என்ன நிறம், எந்த வழி, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புப் படையை அழைக்க வேண்டும் என்று எழுதி, கரையில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

2. காற்றும் ஓதமும்

காற்று மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால் புதியவர்கள் இறங்க வேண்டாம். அந்த வேகத்தில்தான் அலைமுகடுகளில் வெள்ளை நுரை அடிக்கடி தெரியத் தொடங்கும்; கரையில் நின்றே கண்ணால் பார்த்துவிடலாம். வெயில் ஏற ஏற கடற்காற்றும் வலுக்கும் என்பதால் விடியலில் கிளம்பி, வெயில் உறைக்கும் முன் சேர்ந்துவிடுவது நல்லது.

மிகவும் ஏமாற்றுவது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடக்கும். அரை கி.மீ. தாண்டியதும் முதுகில் காற்று பிடித்துத் தள்ளும், திரும்ப நினைத்தால் முகத்துக்கு எதிரே நிற்கும். அந்த நாளில் கடல் அமைதியாக இருப்பதை நம்ப வேண்டாம்.

ஓதம் என்பது கடல்நீர் ஏறி வற்றுவது. ஓத அட்டவணையைப் பார்த்து ஏற்ற, வற்ற நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். நீர் ஒரே சீராக ஏறாது. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் வித்தியாசம் 2.4 மீட்டர் என்றால் ஆறு மணி நேரத்தில் தோராயமாக 0.2, 0.4, 0.6, 0.6, 0.4, 0.2 மீட்டர் என்று உயரும். நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீரோட்டம் மிகக் கடுமையாக இருக்கும். தீவுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கால்வாயை அப்போது கடக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் இன்னும் வலுக்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போனால் அலை செங்குத்தாக எழும்.

3. கவிழப் பழகுங்கள்

இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே, இடுப்பளவு நீரில், எல்லோரும் செய்ய வேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

படகில் நீங்கள் உட்காரும் குழிதான் காக்பிட். நீர் புகாமல் அதை மூட இடுப்பில் அணியும் விரிப்புதான் ஸ்ப்ரே ஸ்கர்ட்; அதன் முன்னால் ஒரு பிடிவார் இருக்கும். கவிழ்ந்ததும் முன்னே குனியுங்கள். காக்பிட் விளிம்பைத் தடவிக்கொண்டே கைகளை முன்னே கொண்டுபோய் அந்த வாரைப் பிடியுங்கள். முதலில் முன்பக்கமாகத் தள்ளி, பிறகு இழுத்தால் ஸ்கர்ட் கழன்றுவிடும். விளிம்பில் இடுப்பருகே கையூன்றி, பேன்ட்டைக் கழற்றுவதுபோலப் படகைக் காலிலிருந்து கழற்றுங்கள். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் தொடைகள் மாட்டிக்கொள்ளும். குனிவதைத்தான் திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

புதியவர்கள் செய்யும் மோசமான தவறு ஒன்று உண்டு: அவசரத்தில் ஸ்கர்ட்டை மாட்டும்போது பிடிவாரும் உள்ளே மடங்கிப் போய்விடும். மேலே பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், தலைகீழாகத் தொங்கும்போதுதான் கைக்கு எதுவும் அகப்படாது. ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பக்கத்துப் படகுக்காரர் உங்கள் வாரைத் தொட்டு இழுத்துப் பார்க்கட்டும், நீங்கள் அவருடையதைப் பாருங்கள்.

அடுத்தது மீட்பு. கவிழ்ந்தவர் படகையும் துடுப்பையும் விடக் கூடாது. ஆளில்லாத படகு காற்றில் நீந்துபவரைவிட வேகமாக ஓடும். மீட்பவர் கவிழ்ந்த படகின் முன்முனைக்குக் குறுக்கே வந்து, அதைத் தன் படகின் டெக்மேல் (மேல்தளத்தில்) இழுத்து, குப்புறக் கிடக்கும் நிலையிலேயே நீரை வடிய விடுவார். பிறகு நிமிர்த்தி, ஒன்றின் முன்முனை மற்றதன் பின்முனையைப் பார்க்கும்படி இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டவைத்து, காலிப் படகின்மேல் முழு எடையையும் போட்டுப் பிடித்துக்கொள்வார். நீரில் இருப்பவர் பின்டெக்கில் குப்புற ஏறி, கால்களைக் காக்பிட்டுக்குள் விட்டு, வயிறு டெக்கை விட்டு எழாமல் மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். சாமான் ஏற்றிய படகை இப்படித் தூக்க முடியாது. அதைத் தண்ணீரோடேயே நிமிர்த்தி, ஏறியபின் கைப்பம்பால் இறையுங்கள். அதனால் ஒருமுறை சாமானோடும் பழகிப் பாருங்கள்.

4. சாமான்

லைஃப் ஜாக்கெட்டும் அதில் கட்டிய விசிலும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். குழுவுக்கு இரண்டு உபரித் துடுப்பு, இழுகயிறு, கைப்பம்புகள், திசைகாட்டி, முதலுதவிப் பெட்டி, பேசவும் கேட்கவும் உதவும் கடல் வானொலி. உடை தண்ணீரின் வெப்பநிலைக்கு ஏற்றதாக இருக்கட்டும். 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வெயில் அடித்தாலும் வெட்சூட் (குளிர்நீரில் உடல்சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) போடுங்கள். பருத்தி உடை வேண்டாம்.

குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். உபரி நாளையும் சேர்த்து மூன்று நாளுக்கு 12 லிட்டர், அதாவது 12 கிலோ. இதை 2 லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து, இருக்கைக்குப் பின்னால் அடியில் அடுக்குங்கள். கனமானவை நடுவிலும் தாழ்வாகவும், தூங்கும் பை போன்ற லேசானவை முனைகளிலும் போகட்டும். முன்பக்கம் கனத்தால் படகு காற்றை நோக்கியே திரும்பும், பின்பக்கம் கனத்தால் காற்றுப்போக்கில் ஓடும்.

ஹேட்சின் (சாமான் அறையின் மூடியுள்ள திறப்பின்) வாய் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. ஒரு பெரிய பையைவிட 5, 10 லிட்டர் ட்ரை பேக் (நீர் புகாத பை) பல இருப்பது மேல். காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மூன்று மடிப்புக்குக் குறையாமல் சுருட்டிப் பூட்டுங்கள். டென்ட் கம்பிகளைத் தனியே நீளவாக்கில் செருகுங்கள். படகை நீர் விளிம்பில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பியதை இரண்டு பேர் முனைகளைப் பிடித்துத் தூக்கினால் முதுகு போகும்.

5. கடலில்

துடுப்பலகு பாதத்தருகே நீரில் இறங்கி இடுப்பருகே வெளியேற வேண்டும். தோளோடு சேர்த்து உடம்பைத் திருப்புங்கள்; கையால் மட்டும் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். இறுக்கிப் பிடித்தால் கொப்புளம் வரும்.

அனுபவமுள்ள ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். மற்றவர்கள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். மெதுவாக வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். முன்னால் போனவர்கள் காத்திருந்துவிட்டு, கடைசி ஆள் வந்ததும் கிளம்பிவிடுவார்கள். இளைப்பாறல் தேவைப்பட்டவருக்கு மட்டும் அது கிடைக்காது. அவர் வந்து சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் எண்ணுங்கள்.

குறுக்கே நீரோட்டம் இருந்தால் இலக்கை நேராகப் பார்த்துத் துழாவாதீர்கள். உங்கள் வேகம் மணிக்கு 4 கி.மீ., நீரோட்டம் 2 கி.மீ. என்றால், 1 கி.மீ. அகலக் கால்வாயைக் கடப்பதற்குள் அரை கி.மீ. ஒதுங்கிவிடுவீர்கள். இந்தக் கணக்குக்கு முன்முனையை ஓட்டத்துக்கு எதிராக 30 பாகை சாய்த்தால் போதும். கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள்; கோடு கலைந்தால் ஒதுங்குகிறீர்கள் என்று பொருள்.

6. தீவில்

ஒருவர் பின் ஒருவராகக் கரையேறுங்கள். அலை அடிக்கும் இடத்தில் படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள்; நீர் புகுந்த படகு அலையோடு வந்து முழங்காலில் மோதும்.

டென்ட்டை எங்கே போடுவது? மதியம் விட்டுப்போன ஈரப் பாசிக் கோட்டை எல்லையாக எடுக்க வேண்டாம். இரவு ஏற்றம் பகல் ஏற்றத்தைவிட உயரமாக இருக்கலாம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மணற்கரையில், நீர் வெறும் 20 செ.மீ. கூடினாலே 4 மீட்டர் உள்ளே வரும். காய்ந்த பழைய குப்பைக் கோட்டுக்கும் மேலே, செடி வளர்ந்திருக்கும் உயரத்துக்குப் போங்கள். படகுகளையும் அங்கேயே தூக்கி, மரத்தில் கட்டுங்கள்.

மணலில் சாதாரண முளை நிற்காது. சின்னப் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். நெருப்பு மூட்டினால் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். மணலை மட்டும் போட்டு மூடினால் அடியில் கனல் கிடந்து, விடிந்ததும் யாருடைய காலையாவது சுடும்.

7. திரும்புதல்

காலையில் காற்றையும் ஓதத்தையும் புதிதாகப் பாருங்கள். நேற்றைய ஓத நேரம் இன்று சுமார் 50 நிமிடம் தள்ளியிருக்கும். குப்பை எல்லாம் படகில் ஏறட்டும். கரை சேர்ந்ததும், உடை மாற்றும் முன்பே, எழுதிக் கொடுத்தவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். மறந்தால் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீட்புப் படகு உங்களைத் தேடி இறங்கும். பிறகு ஸ்கர்ட், பம்ப், ஹேட்ச் மூடிகளை நன்னீரில் அலசி, மூடிகளைத் திறந்தபடியே நிழலில் காயவிடுங்கள்.