சோளத்தக்கை பைப்: நம் ஊர் ஈரத்தில் புகைப்பது எப்படி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், கிண்ணத்தில் புகையிலை போட்டுத் தண்டு வழியாக இழுக்கிற பைப் பிடிக்கிற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சுருட்டு, பீடி, ரோக்கோ டாவுன் (ஓலையில் சுருட்டிப் புகைப்பது), இப்போது உள்ளவர்களுக்கு சிகரெட். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் எல்லாரும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், அந்த வீடியோக்களோ பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எடுத்தவை. நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. இங்கே பைப் கசப்பதற்கும், நாக்கு எரிவதற்கும், தண்டுக்குள் களகளவென்று சத்தம் வருவதற்கும் முக்காலும் அந்த ஈரம்தான் காரணம்.

முதலில் ஒன்று. புகைக்கும் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். பைப் புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய் வரலாம், நிகோட்டினும் வாய் வழியாகவே உடம்பில் ஏறும். ஏற்கெனவே புகைக்கிறவர், பைப்பையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டவர், அவர்களுக்குத்தான் இது.

பைப் வாங்கும்போது விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிரையர் என்ற கெட்டி மரத்தில் செய்த பைப்போடு ஒப்பிட்டால் சோளத்தக்கை (மணி உதிர்த்த சோளக் கதிரின் நடுத்தண்டு) பைப் ரொம்ப மலிவு. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிறு நகரில், ஹென்றி டிபி என்ற மரக்கடைசல்காரர் 1869-இல் தொடங்கிய மிசூரி மீர்ஷாம் கம்பெனி இன்றும் இதைச் செய்கிறது. தக்கையைக் காயவைத்துக் கடைந்து, வெளிப்பக்கத்து ஓட்டைகளை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அடைப்பார்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிற ஜாகோங் சோளத்தின் தக்கையைக் குடைந்து நாமே செய்துகொள்ளலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அது இளசாகப் பறித்த இனிப்புச் சோளம், தக்கை மெல்லிசு, நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும், சீக்கிரமே சுவர் கருகி ஓட்டை விழும். பைப்புக்கென்றே தக்கை பருமனான சோளத்தை முற்றவிட்டு எடுக்கிறார்கள். அப்புறம், இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் வாயில் பார்த்த அந்த நெட்டைக் கிண்ணத்துக்கு ஆசைப்படாதீர்கள். அதில் புகையிலை நிறையப் பிடிக்கும், பழகாதவருக்குப் பாதியிலேயே தலை சுற்றும். நடுத்தரக் கிண்ணம் போதும், நேர்த்தண்டாக வாங்குங்கள், சுத்தம் செய்ய எளிது.

புகையிலை விஷயத்தில் கறாராக இருங்கள். ரோக்கோ டாவுனுக்குச் சுருட்டுகிற நூல் போன்ற புகையிலை பைப்பில் படபடவென்று எரிந்து நாக்கைச் சுட்டுவிடும், வெற்றிலையோடு போடுகிற புகையிலை இதற்கு ஆகவே ஆகாது. பைப்புக்கென்று வெட்டியதில் பர்லி என்ற புகையிலை வகை சோளத்தக்கைக்கு நன்றாகப் பொருந்தும். வாசனை ஏற்றிய வகைகள் டப்பாவைத் திறந்ததும் ஆளை மயக்கும், ஆனால் பலவற்றில் காயவிடாமல் வைத்திருக்கும் திரவம் கலந்திருக்கும், நம் ஊரில் அவை லேசில் காயாது.

காயவைப்பதுதான் இங்கே முக்கிய வேலை. ஒருமுறைக்கு வேண்டிய அளவை மட்டும் ஒரு தாளில் பரப்பி, வெயில் ஏறிய நேரத்தில் வீட்டுக்குள் வையுங்கள். காற்றாடிக்கு நேர் கீழே வைத்தால் வீடெல்லாம் பறக்கும், கொஞ்சம் தள்ளி வையுங்கள். சாயங்கால மழைக்குப் பிறகு வைத்தால் காய்வதற்குப் பதிலாக இன்னும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு சிட்டிகை எடுத்து விரலால் அழுத்தி விடுங்கள்: உருண்டையாக ஒட்டி நின்றால் இன்னும் ஈரம், தூளாக உதிர்ந்தால் காய்ந்தது அதிகம், மெதுவாகப் பிரிந்து விரிந்தால் சரி. மீதியை இறுக மூடுகிற கண்ணாடிப் போத்தலில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

நிரப்பும்போது முதல் பங்கைத் தானாக விழவிடுங்கள், இரண்டாவதை லேசாக அழுத்துங்கள், மேலே கொஞ்சம் அழுத்தமாக. பற்றவைக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஐஸ் கோப்பியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற அளவு தடை இருந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள், ஊதி ஊதிச் சரிசெய்ய முடியாது.

தீக்குச்சியை மேலாகச் சுற்றிக் காட்டி இழுத்தால் புகையிலை பொங்கி எழும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாம் முறை பற்றவையுங்கள், இதுதான் நிற்கும். தீ கிண்ணத்து விளிம்பில் படக்கூடாது, தக்கை உடனே கருகும். பிறகு மெதுவாக, வாய்க்குள் மட்டும். கிண்ணத்தைக் கையில் பிடிக்க முடியாத அளவு சூடேறினால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், கீழே வைத்து ஆறவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைப்பதில் ஒரு குறையும் இல்லை. களகள சத்தம் வந்தால் பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை) வாய்முனை வழியாக உள்ளே விட்டு ஈரத்தை எடுத்துவிடுங்கள். விக்கலோ தலைசுற்றலோ வந்தால் அத்தோடு நிறுத்துங்கள்.

புதுப் பைப்பின் உள்ளே எட்டிப் பார்த்தால், பல மாடல்களில் தண்டின் மரமுனை கிண்ணத்து அடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் சில தடவை தீ கீழே இறங்கும்போது விறகு எரிகிற நாற்றம் வந்தால் அதுதான் காரணம். அடிவரை எரிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்தே நிறுத்துங்கள், நாளடைவில் அந்த முனையும் கரிந்து அடங்கிவிடும்.

எங்கே புகைக்கிறோம் என்பதும் இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் 2019 ஜனவரி 1 முதல் தடை, கடையிலிருந்து 3 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், பைப்புக்கும் அதே சட்டம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வெளியே போய்விடுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கிற காலத்தில் தோட்டத்துக்குள் சாம்பலைத் தட்டவே தட்டாதீர்கள், பழைய மைலோ டின்னில் தண்ணீர் ஊற்றி அதில் கொட்டுங்கள்.

ஆறிய பிறகு வாய்முனையைத் திருகிக் கழற்றி, கிளீனரால் துடைத்து, கிண்ணத்தை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தண்ணீரில் கழுவ வேண்டாம், சுவரில் தட்டவும் வேண்டாம், தண்டு கிண்ணத்தோடு சேருகிற இடம் ஆடிப்போகும். ஈரத்தோடு டிராயரில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் திறந்தே வையுங்கள். தினமும் புகைக்கிறவர் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூஞ்சை கண்ணில் பட்டால் துடைத்துவிட்டுப் புகைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.