இறுகாத ட்ரையாங்கிள்: காது தெரிந்தபின் இறுகியது

பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மல்யுத்தக் கலையில், எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் கால்களுக்குள் சிக்கவைத்து நெரிக்கும் ட்ரையாங்கிள் பூட்டைச் சரியாகக் கட்டியும் அவர் தட்டிச் சரணடையாமல் நிதானமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததால், மூன்று வாரப் பயிற்சி எனக்கு வீணாயிற்று. முதலில் முழங்கால்களை இன்னும் பலமாக நெருக்கினேன், தொடைகள்தான் சோர்ந்தன. பிறகு தலையை இரு கைகளாலும் கீழே இழுத்தேன். அவர் முதுகை நிமிர்த்தி எழுந்துவிட்டார். என் கால்கள் குட்டை என்றுகூட முடிவு கட்டியிருந்தேன்.

பயிற்சியின் காணொளியைப் பார்த்தபோதுதான், நான் அவருக்கு நேர் எதிரே மல்லாந்து அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தப் பூட்டில் கழுத்தின் ஒரு பக்கத் தமனியை நம் தொடையும் மறுபக்கத்தை உள்ளே சிக்கிய கையின் பக்கத்து அவருடைய தோளுமே அழுத்துகின்றன. நேராகப் படுத்தால் அந்தத் தோள் கழுத்தை நெருங்குவதில்லை.

ஆகவே, கழுத்தின் மேல் கிடக்கும் காலின் முன்னெலும்பைக் கையால் பிடித்துக்கொண்டு (பாதத்தைப் பிடித்தால் கணுக்கால் முறுக்கிக்கொள்ளும், பூட்டும் நழுவும்), மறுகாலை அவர் இடுப்பில் ஊன்றித் தள்ளி, பூட்டில் சிக்காமல் வெளியே இருக்கும் அவர் கையின் பக்கமாக உடலைத் திருப்பினேன். அந்தப் பக்கக் காது என் கண்ணுக்கு நேரே வந்ததும் கால்களை மீண்டும் பூட்டினேன். அதிக பலம் தேவைப்படவில்லை. அவர் உடனே தட்டிவிட்டார்.