ஃபோல்டர் வியூவை மறக்கும் கம்ப்யூட்டர்: சர்வீஸுக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாதவை

"டீடெய்ல்ஸ்ல வெச்சுட்டுப் போனேன், காலையில திறந்தா பெரிய பெரிய ஐகானா நிக்குது." பாலக்காடு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, கோபாலபுரம் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போகிற யாருக்கும் இந்தப் புகார் புதிதில்லை. போட்டோ ஸ்டுடியோவில் சொல்வார்கள், டிடிபி கடையில் சொல்வார்கள், பொள்ளாச்சி சந்தைக்குக் கணக்கு எழுதும் தேங்காய் மண்டியில் சொல்வார்கள். உயிர் போகிற பிரச்சினை இல்லை என்பதால் புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் இதில் யோசிக்காமல் கை வைக்கிறார்கள். நான் பழகிய காலத்தில் செய்த அதே கூத்துகளை இப்போது என்னிடம் பழகுகிறவர்கள் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

ரீஸ்டார்ட் பண்ணிப் பார், அப்டேட் போட்டுப் பார் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது கடைக்காரருக்கே தெரியும். இதெல்லாம் விண்டோஸுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேரளப் பள்ளிகளில் ஓடும் கைட் லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்பதே அங்கே கிடையாது.

வியூ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடுவது

ஒரு ஃபோல்டரை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு அந்த ஃபோல்டருக்குள் இருக்காது. மளிகைக் கடைப் பற்று நோட்டு மாதிரி, யார் எதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை விண்டோஸ் தன் கல்லாவில் ஆள் பெயர் போட்டு எழுதிவைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'பேக்எம்ஆர்யூ', 'பேக்ஸ்' என்று இரண்டு கீ, அதாவது குறிப்புகளை வைக்கும் அறை. முதலாவதில் நீங்கள் திறந்த ஃபோல்டர்களின் பாதை, இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் ஐகான் அளவு, அடுக்கும் வரிசை, நெடுவரிசைகள், குரூப். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இவற்றில் பெரும்பங்கு யூசர் ப்ரொஃபைலுக்குள் (அந்த யூசரின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் இடம்) இருக்கும் 'யூஎஸ்ஆர்கிளாஸ் டாட்' என்ற ஃபைலில் சேர்கிறது. டெஸ்க்டாப் ஐகான்களின் இடம் மட்டும் 'என்டியூசர் டாட்' ஃபைலில்.

இரண்டு விஷயம் இதிலிருந்து புரியும். ஒன்று, ஃபோல்டரை அப்படியே வேறு கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துப் போனால் வியூ கூட வராது. இரண்டு, பாதையை வைத்து எழுதுவதால், ஒரே ஃபோல்டரை டி டிரைவ் வழியாகத் திறப்பதும் லைப்ரரி வழியாகத் திறப்பதும் அதற்கு வேறு வேறு. ஒரு வழியில் மாற்றிவிட்டு இன்னொரு வழியில் வந்து "மறந்துடுச்சு" என்பார்கள். மறக்கவில்லை, அந்த வழியில் நாம் சொல்லவே இல்லை. போட்டோஷாப்பில் ஓபன் கொடுத்தால் வரும் பெட்டிக்கும் தனிக் கணக்குதான். ஸ்டுடியோக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் புகார் குறையும்.

'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' அழுத்தினால் எல்லாம் மாறும் என்று நினைப்பது

மாறாது. விண்டோஸ் ஃபோல்டர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது: பொது, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ். பிக்சர்ஸ் வகையில் நின்றுகொண்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் வியூ பக்கத்தில் இருக்கும் அந்தப் பட்டனை அழுத்தினால் பிக்சர்ஸ் வகை மட்டும் மாறும். போதாக்குறைக்கு, உள்ளே என்ன ஃபைல் இருக்கிறது என்று பார்த்து வகையை விண்டோஸ் தானே முடிவு செய்யும். நேற்றுவரை பொது வகையில் இருந்த ஃபோல்டரில் இன்று கல்யாணப் படங்களைக் கொட்டினால் அது பிக்சர்ஸ் ஆகிவிடலாம், வியூவும் கூடவே மாறும். பல இடங்களில் 'மறதி' என்று சொல்லப்படுவது இதுதான்.

குறிப்பிட்ட ஃபோல்டர்களில் மட்டும் தொல்லை என்றால், ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பக்கம் போய் வகையைக் கையால் தேர்ந்தெடுங்கள், உட்ஃபோல்டர்களுக்கும் சேர்த்து டிக் போடுங்கள். கம்ப்யூட்டர் முழுக்கத் தொல்லை என்றால், பேக்ஸுக்குள் 'ஆல்ஃபோல்டர்ஸ்', அதற்குள் 'ஷெல்' என்று கீ உருவாக்கி, 'ஃபோல்டர்டைப்' என்ற ஸ்ட்ரிங்குக்கு 'நாட்ஸ்பெசிஃபைட்' என்று மதிப்பு கொடுத்தால் வகை ஊகிப்பது நின்றுவிடும்.

டெம்பரரி ப்ரொஃபைல் என்று பார்க்காமல் வியூவைச் சரிசெய்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டிடிபி கடை. தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை, பஞ்சாயத்துக்கு மனு, கோயில் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார்கள். "தம்பி, தேதி வாரியா அடுக்கி வெச்சா மறுநாளே கலைஞ்சு போகுது" என்று கடைக்காரர் கூப்பிட்டார். என்னிடம் வேலை பழகும் பையன் போனான். வியூவை மாற்றினான், அப்ளை டு ஃபோல்டர்ஸ் கொடுத்தான், காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். மறுநாள் மறுபடி அதே புகார். இந்த முறை ரெஜிஸ்ட்ரியில் பேக்ஸையே அழித்துவிட்டு வந்தான்.

கண்ணெதிரே எத்தனை அடையாளம் இருந்திருக்கிறது! டெஸ்க்டாப்பில் அவர் வைத்திருந்த குருவாயூரப்பன் படம் போய் விண்டோஸின் நீலப் படம் வந்திருக்கிறது. "கடைப் பையன் மாத்தியிருப்பான்னு நினைச்சேன் அண்ணா" என்றான் என்னிடம் பழகுகிறவன். பிரவுசர் புதிதாக பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. "அப்டேட் ஆயிருக்கும்னு விட்டுட்டேன்." லாகின் ஆனதும் ஓரத்தில் வந்த எச்சரிக்கையைக் கடைக்காரர் தினமும் மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய வேலையெல்லாம் டி டிரைவில் இருந்ததால் பெரிதாக எதுவும் தொலைந்ததுபோல் தெரியவில்லை. வியூ கலைவது ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

யூசர் ப்ரொஃபைலைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு தற்காலிக ப்ரொஃபைலைக் கொடுத்து உள்ளே விடும். அதில் செய்கிற எதுவும் சைன் அவுட் செய்ததும் அழியும். ஃபோல்டர் வியூ மட்டுமா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாமும்தான். முகூர்த்த மாதம், அவசரத்துக்கு அன்று அடித்த பத்திரிகைகளை அவர் டெஸ்க்டாப்பிலேயே சேவ் செய்திருந்தார். சாயங்காலம் ஷட் டவுன் செய்துவிட்டுப் போனார். காலையில் டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மெஷினில் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ரெக்கவரி மென்பொருள் போட்டு ஏதாவது தோண்டி எடுக்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை ட்ரிம் என்ற வசதி காலி செய்துவிடுவதால் நம்பிக்கை கிடையாது. நல்லவேளை, சரிபார்க்க வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் மறுபடி முழுதாக அடித்தார். நான் போய் நின்றபோது என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இத்தனைக்கும் சோதிக்க ஒரு நிமிடம் போதும். ரன் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு புள்ளி தட்டி எண்டர் கொடுங்கள். இப்போதைய யூசரின் ஃபோல்டர் திறக்கும். முகவரிப் பட்டையைச் சொடுக்கிப் பாருங்கள். அவர் பெயர் வராமல் 'டெம்ப்' என்று வந்தால் வியூவை மறந்துவிடுங்கள், உங்கள் வேலை வேறு. விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 1511 என்ற எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1515 என்ற எண்ணும் கூடவே இருக்கலாம், பழைய ப்ரொஃபைலை ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அப்புறம் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். ஷட் டவுன், சைன் அவுட் எதையும் தொடாமல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸில் இருப்பதை டி டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். ஆன்டிவைரஸோ பேக்கப் மென்பொருளோ ப்ரொஃபைல் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் ரீஸ்டார்ட்டிலேயே பழையபடி வந்துவிடும். வரவில்லையா, ரெஜிஸ்ட்ரிக்கு ஓடாமல் முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் ப்ரொஃபைலைச் சரிசெய்து பிரயோஜனம் இல்லை. டிஸ்க் நன்றாக இருந்தால் ரெஜிஸ்ட்ரியில் 'ப்ரொஃபைல்லிஸ்ட்' கீக்குள் போங்கள். ஒரே நீள எண் இரண்டு முறை இருக்கும், ஒன்றின் கடைசியில் '.bak' என்று புள்ளி வைத்து ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு உள்ளதுதான் அவருடைய நிஜ ப்ரொஃபைல். முதலில் அந்தக் கீயை எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, இரண்டின் பெயரையும் மாற்றிப் போட்டு, நிஜமானதில் ப்ரொஃபைல் பாதை சரியா என்று பார்த்து, 'ஸ்டேட்' மதிப்பை 0 ஆக்குங்கள்.

இதில் இன்னொரு பெரிய கேடு உண்டு. "ப்ரொஃபைல் கெட்டுப்போச்சு" என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிலர் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் யூசர் ப்ரொஃபைல்ஸ் பட்டியலைத் திறந்து பழையதை டிலீட் செய்துவிடுகிறார்கள். அந்த டிலீட் அவருடைய ஃபோல்டரையே, உள்ளே இருக்கும் அத்தனை ஃபைலோடும் அழித்துவிடும். ப்ரொஃபைல் நிஜமாகவே தேறாது என்றால் புது யூசர் உருவாக்கி, அவருடைய ஃபைல்களை மட்டும் அதற்குக் காப்பி எடுங்கள். பழைய என்டியூசர், யூஎஸ்ஆர்கிளாஸ் ஃபைல்களைக் கூடவே இழுத்து வந்தால் நோயும் கூடவே வரும்.

எக்ஸ்போர்ட் எடுக்காமல் பேக்ஸை அழிப்பது

அந்த இரண்டு கீயும் குழம்பிப்போவது உண்டு, அழித்தால் சரியாவதும் உண்டு. ஆனால் அழித்தால் எல்லா ஃபோல்டரின் வியூவும் போகும். ஓணம் சீசன் முழுக்க உழைத்து ஒவ்வொரு ஆல்பத்தையும் ஒரு மாதிரி அடுக்கி வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். திறந்த ஃபோல்டர்களை மூடிவிட்டு அழியுங்கள், உடனே டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஃபோல்டர்களைத் திறந்தே வைத்திருந்தால் மூடும்போது பழைய கணக்கை மறுபடி எழுதிவிடும். 'ஷெல்' என்ற பெயரில் ரெஜிஸ்ட்ரியின் 'கரண்ட் யூசர்' பகுதிக்குள் இரண்டு இடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் வழியாக நேராகப் போகும் இடத்தில் கை வைத்தால் டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் இடம் மாறி நிற்கும். கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ் வழியாகப் போவதே நமக்கு வேண்டியது.

போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்ட மெஷின் என்று தெரிந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். எந்த ஃபோல்டரை, எந்த பென்டிரைவை யார் திறந்தார்கள் என்று தடயவியல்காரர்கள் தேடுவது இதே பேக்ஸில்தான். ஃபோல்டரை அழித்த பிறகும் அதன் பெயர் அங்கே கிடக்கும்.

கிளீனர் மென்பொருளை விட்டுவைப்பது

தினமும் தானாக ஓடுகிற கிளீனர் இருந்தால் விண்டோ அளவு, எம்ஆர்யூ பட்டியல் (கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியல்) என்று டிக் போட்டிருக்கிறதா பாருங்கள். டிக்கை எடுங்கள். மென்பொருளையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

எண்ணிக்கையை ஏற்றுவது

எக்ஸ்பி வந்த புதிதில் விண்டோஸ் 400 ஃபோல்டர்களைத்தான் நினைவில் வைத்தது, அப்புறம் அது 5000 ஆனது. டிடிபி கடையில் இந்த எண்ணிக்கையைச் சொல்லும் 'பேக்எம்ஆர்யூ சைஸ்' மதிப்பை 20000 ஆக்கி ஒரு லாபமும் இல்லை. பல வருஷப் படங்களை உட்ஃபோல்டர் உட்ஃபோல்டராக வைத்திருக்கும் ஸ்டுடியோவில் மட்டும் முயன்று பாருங்கள்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ரிப்பேர் என்று சொல்வது

ரிப்பேர் இல்லை. 2019-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அது தேதி வாரியாகத்தான் குரூப் ஆகும். 'குரூப் பை'யில் 'நன்' கொடுங்கள், காசு கேட்காதீர்கள்.

ரீஸ்டோர் மென்பொருள் போட்ட லேபில் மல்லுக்கட்டுவது

ரீஸ்டார்ட் ஆனதும் பழைய நிலைக்குத் திரும்பவே அதைப் போட்டிருக்கிறார்கள். முதலில் கேளுங்கள்.

கரண்டைக் கணக்கில் எடுக்காதது

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் நம் பக்கம் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் விண்டோவை மூடும்போதுதான் வியூ எழுதப்படுகிறது. ரெஜிஸ்ட்ரி மாற்றங்களும் உடனுக்குடன் டிஸ்க்குக்குப் போவதில்லை, கொஞ்சம் பிந்தித்தான் இறங்கும். யூபிஎஸ் பேட்டரி செத்த கடையில், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிற கடையில், அன்று மாற்றியது மறுநாள் இருக்காது. மேலே சொன்ன டெம்பரரி ப்ரொஃபைல் வருவதற்கும் இப்படித் திடீரென்று அணைவது ஒரு காரணம். வியூ புகாருக்குப் போனால் சுவரில் இருக்கும் யூபிஎஸ் ப்ளக்கை ஒரு முறை பிடுங்கிப் பாருங்கள், எல்லாவற்றையும் சேவ் செய்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு.

பென்டிரைவ்

வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்த வியூ போய்விட்டது என்றால் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். நேற்று எஃப் ஆக இருந்தது இன்று ஜி ஆகியிருக்கும், பாதை மாறிவிட்டதால் அது வேறு ஃபோல்டர் என்றே கணக்கு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் எக்ஸ், ஒய் மாதிரி பின்னால் இருக்கிற எழுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் அந்த மெஷினில் அப்புறம் மாறாது.