கொள்ளிடக் கழிமுகத்தில் மட்டி எடுப்பது எப்படி: முதல் முறை போகும் குடும்பங்களுக்கு

மட்டி என்பது சேற்று மணலில் புதைந்து வாழும், இரண்டு ஓடுள்ள சிப்பி வகை. அதை எடுப்பதில் தோண்டுவது சின்ன வேலை. எந்த நாளில், எந்தத் தண்ணீரில் கை வைக்கிறோம் என்பதுதான் பெரிய வேலை. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

நாள் பார்ப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் தண்ணீர் நன்றாக வற்றும். அஷ்டமி வாக்கில் போனால் மட்டி இருக்கும் மணல் திட்டு சரியாக வெளியே தெரியாது. நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் பக்கம் போல மைல் கணக்கில் கடல் உள்வாங்காது. அதனால் கையில் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். தண்ணீர் அடிமட்டத்துக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், நேற்றைய நேரத்தை நம்பிப் போகாதீர்கள். கடல் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஆனால் கழிக்குள் தண்ணீர் சற்றுத் தாமதமாகத்தான் இறங்கும். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் உள்ள பழையாறு பக்கம் மட்டி எடுக்கும் பெண்களிடம் "அக்கா, இன்னைக்குத் தண்ணி எப்ப வத்தும்?" என்று கேட்டால் அட்டவணையைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வெள்ளம் வந்து கழி முழுக்க நன்னீராகிவிடும். மட்டி சாகும், இழுப்பும் அதிகம். மாசி, பங்குனி தோதான மாதங்கள்.

இடம் பார்ப்பது

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மட்டி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீரில் இருக்கும் அழுக்கும் கிருமியும் அதன் வயிற்றில் சேரும். ஊர்ச் சாக்கடை விழும் இடம், படகுத்துறை, இறால் பண்ணை வடிகால், இவற்றுக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ நிறம் மாறியிருந்தாலும், மீன் செத்து மிதந்தாலும் வெறுங்கையோடு திரும்புங்கள். சில நுண்பாசிகளின் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. தமிழ்நாட்டிலேயே மட்டி தின்று உயிர் போயிருக்கிறது. சாப்பிட்டபின் உதடு, நாக்கு மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் கோடியக்கரை சரணாலயமும் வனத்துறையின் இடங்கள். அங்கே மட்டி எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

எடுப்பது

களைக்கொட்டு ஒன்று, வாளி ஒன்று, காலி வெங்காயச் சாக்கு ஒன்று போதும். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். பழைய கேன்வாஸ் ஷூ நல்லது, சிப்பி விளிம்பு பிளேடு மாதிரி கிழிக்கும். முகத்துவாரத்துக்கு நேரே இறங்காதீர்கள். பிள்ளைகள் கணுக்கால் தண்ணீரைத் தாண்டக் கூடாது. கால் முழங்கால் வரை புதையும் சேற்றில் மட்டியும் அதிகம் இருக்காது. மணலும் சேறும் கலந்த கெட்டியான திட்டைப் பாருங்கள்.

குனிந்து பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள் தெரியும். அருகே காலால் அமுக்கினால் சில சமயம் 'சீத்'தென்று தண்ணீர் பீச்சும். அந்த இடத்தில் நான்கைந்து விரல்கடை ஆழத்துக்குக் கிளறினால் போதும். பழகிய அக்காக்களுக்குக் களைக்கொட்டே வேண்டியதில்லை, குதிகாலால் துழாவியே எடுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். பிள்ளைகளுக்கும் இந்த வழிதான் பிடிக்கும்.

எலுமிச்சம்பழத்தைவிடச் சிறியதைத் திரும்பப் புதைத்துவிடுங்கள். ஒரு வேளைக் குழம்புக்கு மேல் எடுக்க வேண்டாம். அங்கே அதை விற்றுப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு, தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடுங்கள்.

மண் கக்க வைப்பது

கிளம்பும்போது ஒரு கேனில் தெளிந்த கழித்தண்ணீரையே பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அகலமான பாத்திரத்தில் மட்டி மூழ்கும் அளவு ஊற்றி, நிழலில் ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் வாயை இறுக மூடிக்கொள்ளும், மண் உள்ளேயே தங்கும். அப்புறம் தட்டிப் பாருங்கள்: திறந்திருந்தது மூடினால் உயிரோடு இருக்கிறது, மூடாதது குப்பைக்கு. மூடியே இருந்தாலும் அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே வெறும் சேறுதான். அப்படி ஒன்று சட்டியில் வாய் பிளந்தால் குழம்பே போச்சு.

கழுவி, சட்டியில் தண்ணீர் விடாமல் மூடி அடுப்பில் வையுங்கள். தானே தண்ணீர் விட்டுக்கொண்டு வாய் திறக்கும். எல்லாம் திறந்த பிறகும் சில நிமிடம் கொதிக்கட்டும். கடைசிவரை திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். அந்தச் சாற்றைத் துணியில் வடிகட்டி வையுங்கள், குழம்புக்கு ருசியே அதுதான். சதையைச் சின்ன வெங்காயம், மிளகு, சோம்போடு வதக்கும்போது உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், அதில் ஏற்கனவே உப்பு இருக்கும்.