தென்னையால் விழுந்த அணில் குஞ்சு: காப்பாற்றி மரத்துக்கே திருப்பி அனுப்புவது எப்படி

தென்னை வட்டுத் துப்பரவாக்கும்போது பன்னாடையோடு ஒரு பந்து பொத்தென்று விழும். பிரித்தால் தும்பும் பஞ்சும் பழந்துணியும் சுற்றிய கூட்டுக்குள் விரல் நீளத்தில் இரண்டு மூன்று குஞ்சுகள். வாடைக்காலத்து மழைக்காற்றிலும், ஓடு மாற்றும் வேலையிலும் இதே கதைதான். உடனே உள்ளே கொண்டுபோய்ப் பால் பருக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் இப்படிக் கிடைப்பவற்றில் அநேகமானவை அநாதைகளே இல்லை. தாய் பக்கத்து மரத்தில் நின்று கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை தாயிடம் கொடுப்பது. குஞ்சு குளிர்ந்திருந்தால் தாய் தூக்காது. அதனால் முதலில் சூடு. இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் பிடித்தாலே உடம்பு இளகி நெளியத் தொடங்கும். பிறகு சின்னப் பனையோலைப் பெட்டியிலோ ஐஸ்கிறீம் டப்பாவிலோ பழைய கூட்டையே விரித்து, குஞ்சுகளை வைத்து, விழுந்த மரத்திலேயே ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள். டப்பா என்றால் அடியில் நாலைந்து துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மழைநீர் தேங்கும். கட்டிய கயிற்றில் கிறீஸ் பூசாமல் விட்டால் முசுறும் கட்டெறும்பும் தாய்க்கு முன்னால் வந்துவிடும். பூனை நாயை அடைத்துவிட்டு, தூரப்போய் நின்று இரண்டு மூன்று மணித்தியாலம் பாருங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது வெறும் கதை. ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போகும். அணில் பகலில் நடமாடும் பிராணி. பொழுதுபட்ட பிறகு கட்டிவைத்துப் பயனில்லை. இரவில் சூடாக வைத்திருந்து, விடிந்ததும் மறுபடி கட்டிப் பாருங்கள்.

தாய் செத்துக் கிடப்பதைக் கண்டால், அல்லது அடுத்த நாளும் வராவிட்டால்தான் வளர்க்கும் பேச்சு. பூனை கவ்விய குஞ்சு மட்டும் விதிவிலக்கு. தோலில் காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல்லின் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க வேண்டும். மனிதருக்குக் கொடுக்கும் சிரப்பை வீட்டில் அளந்து பார்க்காதீர்கள்.

சூடு, தண்ணீர், அதற்குப் பிறகுதான் பால். இந்த ஒழுங்கு மாறினால் முதல் நாளே சாகும், ஏனென்றால் குளிர்ந்த வயிறு செரிக்காது. உள்ளே போன பால் அப்படியே புளித்து வயிறு ஊதும். காட்போட் பெட்டியில் பழைய பருத்திச் சாரத்தை மடித்துப் போட்டு, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியால் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருந்தால், சூடு கூடும்போது குஞ்சு தானாக விலகும். டவல் வேண்டாம், நூலில் நகம் சிக்கும். மயிர் முளைக்காத குஞ்சுக்குப் பெட்டிக்குள் ஏறக்குறைய 32 பாகை வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும். அப்போது போத்தலை எடுத்துவிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேகிறது என்று அர்த்தம்.

சூடேறியதும் ஜீவனி (கழிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனிப் பொடி). பக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, வெதுவெதுப்பாக, இரண்டு தடவை அதை மட்டும் கொடுங்கள். தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் இன்னும் நீர் போதாது, பாலுக்குப் போகாதீர்கள்.

நம்மூரில் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் குறைவில்லை. அணில் குஞ்சுகளுக்கு வந்த கேடும் அதுதான். பசும்பாலில் உள்ள லக்டோஸ் அவற்றுக்கு ஒத்துவராது, கழிச்சல் வரும். பத்துக் கிராம் உடம்பு ஒரு இரவுக் கழிச்சலைத் தாங்காது. குழந்தைப் பால்மாவும் அதே வகைதான். நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மாவை வாங்கி, ஒரு பங்கு மாவுக்கு இரண்டு பங்கு சுடுநீர் விட்டுக் கரையுங்கள். அது கிடைக்கும்வரை ஓரிரு நாளைக்கு ஆட்டுப்பால் சமாளிக்கும். ஆனால் அணிலின் பாலோடு ஒப்பிட்டால் அது தண்ணீர். அதை மட்டும் நம்பி வளர்த்தால் குஞ்சு தேறாது.

அளவு நிறையைப் பொறுத்தது. ஒரு தடவைக்கு உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து: 10 கிராம் குஞ்சுக்கு 0.5 மில்லிலீற்றர், 20 கிராமுக்கு 1, 30 கிராமுக்கு 1.5. கிராம் காட்டும் சின்ன டிஜிற்றல் தராசு ஒன்று அவசியம். தினமும் காலையில் முதல் பாலுக்கு முன் நிறுத்து எழுதிவையுங்கள். இரண்டு நாள் நிறை ஏறாவிட்டால் ஏதோ பிழை. மயிரில்லாத குஞ்சுக்கு இரவிலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மயிர் வந்து கண் திறக்காததற்கு மூன்று மணிக்கு ஒரு தடவை, கண் திறந்ததும் நாலு மணிக்கு ஒரு தடவை. கண் திறக்க ஏறக்குறைய மூன்று வாரம் எடுக்கும்.

பருக்கும் முறையில்தான் பலருக்குப் பிழைக்கிறது. 1 மில்லிலீற்றர் சிறிஞ்சின் ஊசியைக் கழற்றி, நுனியில் சைக்கிள் வால்வ் றப்பர் ஒரு சென்ரிமீற்றர் துண்டைச் செருகுங்கள். அருமையான முலைக்காம்பு அது. புதுத் துண்டாக வாங்கி, கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். கழன்று வாய்க்குள் போகாதபடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பாருங்கள். குஞ்சைக் கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடிக்கவே கூடாது. வயிறு கீழே, தலை சற்று மேலே, முன்கால் இரண்டும் உங்கள் விரலைப் பற்றியபடி இருக்க, பாலை ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். அது உறிஞ்சும் வேகம்தான் கணக்கு, உங்கள் பெருவிரலின் வேகமல்ல. மூக்கால் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, மூக்கைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். அடுத்த நாள் மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் பால் நுரையீரலுக்குப் போய்விட்டது. வைத்தியரிடம் போக வேண்டும்.

கண் திறக்கும்வரை குஞ்சு தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது, தாய் நக்கித்தான் கழிய வைக்கும். ஒவ்வொரு பாலுக்கும் பிறகு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தட்டித் தடவுங்கள். இதை மறந்தால் வயிறு கல்லாகும். கழிச்சல் கண்டால் பாலை நிறுத்தி அரை நாள் ஜீவனி, பிறகு பாதிக்குப் பாதி கலந்த பால்.

ஐந்து ஆறு வாரத்தில் கொறிக்கத் தொடங்கும். இங்கேதான் அடுத்த கண்ணி. கச்சானும் (காற்றல்ல, கடலை) பிஸ்கற்றும் மட்டும் கொடுத்து வளர்த்த அணிலுக்குக் கல்சியம் குறைந்து எலும்பு மெலியும். பின்கால் இழுபடும், உடம்பு நடுங்கும். கொய்யா, ஜம்பு, பப்பாசி, முருங்கை இலை, இளந்தேங்காய் கொடுங்கள். காலை வெயில் பட வையுங்கள். கூட்டுக்குள் ஒரு கணவாய் ஓட்டைக் கட்டிவிடுங்கள்: கல்லடிக் கரையிலும் பொத்துவில் கரையிலும் சும்மா ஒதுங்கிக் கிடப்பது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போகக் காயவைத்தால் கல்சியமும் ஆச்சு, வளரும் பல்லுக்குக் கொறிக்கவும் ஆச்சு. எட்டுப் பத்து வாரத்தில் பாலை அதுவே ஒதுக்கும்.

இதெல்லாம் அணிலுக்குத்தான். வேளாண்மை வெட்டும் நேரம் வயலில் காணும் முயல் குட்டியைத் தூக்காதீர்கள். தாய் பகலில் பக்கத்தில் இருக்காது, இருட்டிய பிறகு வந்து பால் கொடுக்கும். மெஷின் வரும் பாதை என்றால் பக்கத்து வரம்போரப் புல்லுக்கு மாற்றினால் போதும். காட்டுப்பூனை, மீன்பிடிப் பூனைக் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அந்த மூலையை மட்டும் அன்றிரவு வெட்டாமல் விட்டால் தாய் கவ்விப்போகும். போகாவிட்டால் இலங்கை வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். அநாதை யானைக்குட்டிக்கும் அதே இலக்கம்தான். அவற்றை வளர்த்துக் காட்டில் விடவென்றே உடவளவையில் 1995 முதல் ஓர் இடம் இயங்குகிறது. கீரி, நரி, மரநாய், வௌவால் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எது கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு.

பால் மறந்த அணிலை அன்றே மரத்தில் விட்டால் காகத்துக்கு இரை. அரை அங்குலக் கம்பி வலையில் இரண்டடி அகலம், நாலடி உயரக் கூடு அடித்து, உள்ளே கிளைகளும் பொச்சு (தேங்காய் உரிமட்டை) திணித்த பெட்டியும் வைத்து, மரநிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். இந்த நாட்களில் கையில் எடுப்பதும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நிற்க வேண்டும். சாப்பாடு வைக்கும் ஒருவரைத் தவிர வேறு யாரும் கிட்டப் போகக் கூடாது. தோளில் ஏறும் அணில் நாளைக்கு யாருடைய தோளிலும் ஏறும், பூனைக்குப் பக்கத்திலும் போய் நிற்கும். ஆளைக் கண்டு பெட்டிக்குள் ஓடி ஒளிந்தால், பொச்சைக் கிழித்துத் தானே கூடு திணித்தால் தயார்.

இடத்துக்கு உகந்தைக் காட்டையோ கல்லோயாவையோ தேடிப் போக வேண்டாம், அணில் வளவுப் பிராணி. எடுத்த வளவிலேயே, ஓலைகள் ஒன்றோடொன்று தொடும் தென்னைகளுக்கு நடுவே விடுங்கள். எலிக்குத் தகரம் அடித்த மரங்களென்றால் அது பூனைக்கும் தடை. கார்த்திகை, மார்கழி அடைமழையில் விடாதீர்கள். வெயில் எறிக்கும் ஒரு காலையில் கூட்டுக் கதவைத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள். அன்றைக்கே போகலாம், நாலு நாள் கழித்தும் போகலாம். இரண்டு வாரம் அதே இடத்தில் சாப்பாடு வையுங்கள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். பெட்டியைக் கழற்றுமுன் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். புதுத் தும்பும் பஞ்சும் சேர்ந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.