எத்தனை தடவைதான் கைரேகை வைப்பது? அமெரிக்கா போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு

"விசாவுக்கே பத்து விரலையும் வைத்தாச்சே, கிரீன் கார்டுக்கு எதுக்கு மறுபடி?" பாளையங்கோட்டையிலிருந்து கிளம்புகிற பிள்ளைகள் எல்லாம் கேட்கிற கேள்வி இது. ரேகை ஆயுசுக்கும் மாறாது, சரி. ஆனால் அதை வைத்து எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) தருகிற குற்றப் பின்னணிச் சோதனை முடிவு 15 மாதம்தான் செல்லும். விண்ணப்பம் அதற்கு மேல் இழுத்தால் திரும்பக் கூப்பிடுவார்கள். உங்கள் மேல் சந்தேகம் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: எங்கெல்லாம் வைக்கணும்

சென்னை விசா மையத்தில் ஒரு தடவை, தூதரக ஜன்னலில் சரிபார்க்க ஒரு தடவை, அங்கே போய் இறங்கினதும் விமான நிலையத்தில் ஒரு தடவை. அப்புறம் கிரீன் கார்டுக்கு ஐ-485 படிவம், குடியுரிமைக்கு என்-400 படிவம் போடும்போது தனித்தனியாக. சென்னையில் மையத்துக்கு ஒரு நாள், தூதரக நேர்காணலுக்கு அதற்குப் பிந்தைய இன்னொரு நாள், அதனால் காலையில் எழும்பூரில் இறங்கி ராத்திரியே நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பிவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

படி 2: தபாலைப் பாருங்கள்

அமெரிக்காவில் விண்ணப்பம் போட்டபின் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) அனுப்பும் ஐ-797சி கடிதத்தில் ரேகை வைக்க வேண்டிய நாள், நேரம், இடம் மூன்றும் இருக்கும். பழைய ரேகையையே எடுத்துக்கொள்கிறோம் என்று கடிதம் வந்தால் போக வேண்டாம். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் போடணும், இல்லையென்றால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்விடும். அன்றைக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே ஆன்லைன் கணக்கில் காரணம் சொல்லித் தேதியை மாற்றுங்கள். சொல்லாமல் விட்டால் விண்ணப்பத்தையே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான விண்ணப்பங்களுக்குத் தனியாக 85 டாலர் ரேகைக் கட்டணம் கிடையாது. போன் போட்டு அதைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

படி 3: விரலைத் தயார் பண்ணுங்கள்

நம்ம பக்கத்தில் இதுதான் பெரிய விஷயம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாக்களில் பலர் முப்பது நாற்பது வருஷம் பீடி சுற்றினவர்கள். இலையை நனைத்து, வெட்டி, தூளை வைத்து உருட்டி உருட்டியே பெருவிரல், ஆள்காட்டி விரல் நுனி எல்லாம் வழவழவென்று ஆகியிருக்கும், ரேஷன் கடை மிஷினிலேயே ரேகை விழாது. இப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுக்கட்டும். போகிற அன்றைக்கு எண்ணெய்ப் பசை கூடாது, கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் போகணும். கல்யாண வீட்டு மருதாணி மங்கும்வரை, வெட்டுக்காயம் ஆறும்வரை தேதி வாங்காதீர்கள். மிஷினில் வலது கை நான்கு விரல், இடது கை நான்கு விரல், கடைசியில் இரண்டு பெருவிரலும் சேர்த்து. அழுத்தி அழுத்தி வைத்தால் கோடு நசுங்கித்தான் போகும், லேசாக வைத்து ஆடாமல் நின்றால் போதும்.

படி 4: அப்படியும் விழாவிட்டால்

இன்னொரு நாள் கூப்பிடுவார்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் இரண்டு தடவையும் எஃப்.பி.ஐ. ரேகை தெளிவில்லை என்று தள்ளினால், கடைசி ஐந்து வருஷம் குடியிருந்த ஒவ்வொரு ஊர் போலீஸிடமும் சான்று வாங்கித் தரச் சொல்வார்கள். அதனால் வாடகை வீடு மாறும்போதெல்லாம் முகவரியையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், என்-400 படிவமும் அதைத்தான் கேட்கும்.