அல்பிரெக்ட் ஃபொன் ரோனின் பணிவாழ்க்கையைத் தொகுப்பது எப்படி?

முதலில் பெயர்: ரோன், ரூன் அல்ல. அடுத்து, பதவிகளைத் தேதியோடு தனித் தாளில் எழுதுங்கள். பிறப்பு 1803, பிரஷ்யப் போர் அமைச்சர் 1859 டிசம்பர் முதல் 1873 நவம்பர் வரை, கடற்படை அமைச்சர் 1861 முதல் 1871 வரை, பிரஷ்யப் பிரதமர் 1873-இல் சில மாதங்கள். இறப்பு 1879.

பலர் சறுக்கும் இடம் 'ஜெர்மன் போர் அமைச்சர்' என்ற பட்டம். 1871-இல் ஜெர்மன் பேரரசு உருவான பிறகும் அதற்கென்று போர் அமைச்சகம் கிடையாது. அதன் உறுப்பு அரசுகளான பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் தனித்தனியே வைத்திருந்தன. போர்த்திட்டம் வகுத்த பெருமையையும் ரோனுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது ராணுவத் தலைமைத் தளபதியகத்தின் தலைவர் மோல்ட்கேயின் வேலை. ஆள், ஆயுதம், பணம் ஆகியவைதான் ரோனின் பொறுப்பு.

கட்டுரையின் பாதியை 1860–66 ராணுவச் சீர்திருத்தத்துக்கே ஒதுக்கலாம். பிரஷ்யாவின் மக்கள்தொகை 1815-க்குப் பிறகு சுமார் 1.1 கோடியிலிருந்து 1.8 கோடியாகியும் ராணுவத்தில் ஆண்டுக்கு 40,000 பேரையே சேர்த்தார்கள். ரோன் அதை 63,000 ஆக்க முனைந்தார். மூன்றாண்டுச் சேவையை வற்புறுத்தி, லாண்ட்வேர் என்ற குடிமக்கள் படையை முன்வரிசையிலிருந்து விலக்கினார். எண்ணிக்கை உயர்வைவிடப் பிரதிநிதிகள் சபையை அதிகம் சீண்டியது இந்த இரண்டும்தான். சபை பணம் மறுத்தது. 1862 செப்டம்பரில் 'தாமதம் ஆபத்து, விரைந்து வா' என்று சபையைச் சமாளிக்கப் பிரதமராக்க நினைத்த பிஸ்மார்க்குக்கு ரோன் தந்தி அடித்தார். 1866-இல் ஆஸ்திரியாவை வென்ற பிறகே, வரவுசெலவுத் திட்டமின்றிச் செலவிட்டதற்குச் சபை பின்னேற்பு, அதாவது செலவான பிறகு ஒப்புதல், தந்தது.

ராணுவத் தரவரிசையில் எச்சரிக்கை: பிரஷ்யாவில் பிரிகேடியர் ஜெனரல் இல்லை, அங்கே 'மேஜர் ஜெனரல்' என்பதே ஜெனரல்களில் கடைசிப் படி. ஃபீல்ட் மார்ஷல் பட்டம் 1873-இல் கிடைத்தது. அதை 1866 போர்க்களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.